தெருவிலிருந்து தெரியாதபடி

மூன்று படிகள்.
நீலக்கல். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு
என்கிறது பல்லராட் நகராட்சிக் கோப்பு.
நடுப்படியில் கால்கள் தேய்த்த பள்ளம்.
மழை விட்டபின் ஒரு சிட்டுக்குருவி
குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.
அந்தப் பள்ளத்துக்காகவே வீட்டை வாங்கினேன்.
இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

மார்ச்சில், இடுப்புக்குக் கீழே,
என் உடம்பு எனக்குப் பதில் சொல்வதை நிறுத்தியது.
மே மாதம் சாய்தளம் கேட்டு மனுப் போட்டேன்.
வரைபடம் நான்கு பிரதி. கட்டணம் தனி.

லொரெய்ன் ட்ரகீயர் நல்லவர்.
தன் நாற்காலியைத் தாழ்த்தி
என் கண்ணுக்கு நேராக வந்து பேசினார்.
"வீடு உங்களுக்குச் சொந்தம்.
முகப்பு தெருவுக்குச் சொந்தம்."
வீட்டுக்கு வந்து பத்திரத்தைப் புரட்டினேன்.
முகம் இன்னாருக்கு, முதுகு இன்னாருக்கு என்று
அதில் பாகம் பிரித்திருக்கவில்லை.
தவணையும் முழு வீட்டுக்குத்தான் போகிறது.

"பின்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்,
தெருவிலிருந்து தெரியாதபடி."

பின்பக்கம் ஒரு சந்து.
கோப்பில் அதற்கும் ஒரு பத்தி உண்டு:
இரவில் மலவண்டி வந்துபோன பாதை,
வாளியை உருவி எடுக்க மதிலில் சின்னக் கதவு,
பாவிய கற்கள் அப்படியே இருப்பது அபூர்வம்,
ஆகவே ஒரு கல்லையும் பெயர்க்கலாகாது.

இரண்டு முறை படித்தேன்.
கொல்லை வழியாக வா என்று
அப்பாவிடம் சொன்ன வீடுகள் எத்தனை என்பது
அவருக்கு மனப்பாடம்.
எனக்கு ஒன்றிரண்டு தெரியும்.
லொரெய்னுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்?
அவர் சொன்னது வெறும் வழி.
தொண்டையில்தான் அது
குறுக்கே நின்றது.

ஆனாலும் போய்ப் பார்த்தேன்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே முன்சக்கரம் சிக்கியது.
பதினொரு நிமிடம்
ஒரு பூனை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும்.
போன வருடம் பக்கத்து வீட்டு ஜோரான்
உளுத்த மரச்சன்னலைக் கழற்றிவிட்டு
அலுமினியம் வைக்க அனுமதி கேட்டார்.
ஆட்சேபித்த ஏழு பேரில் நான் மூன்றாவது.
'தெருவின் முகம் கெடும்' என்பது என் வாசகம்.
நல்ல வாசகம் என்று அன்றைக்கு நினைத்தேன்.
ஜூலை முழுக்க அவர் மனைவி
சன்னல் இடுக்கில் செய்தித்தாள் திணித்துக்கொண்டிருந்தார்,
என் சமையலறையிலிருந்து தெரியும்.
ஆட்சேபம் ரகசியம் அல்ல. பெயர் போட்டுத்தான் அனுப்புவார்கள்.

சந்தில் வந்து சக்கரத்தை விடுவித்தவர் அவர்தான்.
மறுநாள் காலை இரண்டு பலகைகளைத் தூக்கி வந்து
படிகள்மேல் சும்மா சாய்த்தார்.
"ஆணி அடித்தால் கட்டடம்.
அடிக்காவிட்டால் பலகை.
சன்னல் விவகாரத்தில் விதிகளை முழுக்கப் படித்தேன்,
வேறு லாபமில்லை."
நான் வாய் திறப்பதற்குள்
ஈரத்தில் வழுக்கும், கோழிவலை அறைய வேண்டும் என்று
கடைக்குக் கிளம்பிவிட்டார்.

இன்று லொரெய்ன் வந்தார். படம் எடுத்தார்.
"தற்காலிகம்தானே?"
"தற்காலிகம்தான்."
எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை.
நானும் எண்ணவில்லை.
போகும்போது பலகையின் நுனியைக் காலால் அழுத்தி
ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

படிகள் அடியில் பத்திரம். ஒரு கீறல் இல்லை.
நேற்று நல்ல மழை.
பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று
பலகை இடுக்கில் குனிந்து பார்த்தேன்.
இங்கிருந்து தெரியவில்லை.
தெருவிலிருந்தும்.